பெரட்டு இல்லாத தீவு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தப்பான வரிசையில் பிறந்தது.

போன மாதம் ஈப்போவில் ஒரு மண்டபத்துக்கு விண்ணப்பப் பாரம் வாங்கப் போயிருந்தேன். உள்ளே இருபது பேர் வரிசையாக நின்றார்கள். நானும் போய் ஒட்டிக்கொண்டேன். அடையாள அட்டையை வேறு கையில் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து மேசைக்கு முன்னால் வந்ததும், வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் என் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைச் சுற்றினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அது ரத்ததான வரிசை. என்ன செய்வது, கொடுத்துவிட்டு வந்தேன். பிஸ்கட் கொடுத்தார்கள்.

(நல்ல காரியம்தானே என்பீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் என்னை யாரும் அங்கே நிற்கச் சொல்லவில்லை. வரிசையைக் கண்டதும் கால் தானாகப் போய் நின்றது. இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்து தொலைத்தது என்று குனோங் ராபாட்டில் இருக்கிற என் வீடு வந்து சேரும்வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.)

அன்று சாயங்காலம் சீனி போன் செய்தான். மாத இதழ் ஒன்றை நடத்துகிற பையன். வயது ஐம்பது ஆகிறது, எனக்கு இன்னும் பையன்தான்.

"அக்கா, சுற்றுலாச் சிறப்பிதழ் போடுறோம். கரிபியன் தீவுல ஒரு ஜோடி, மொத நாள். அவ்வளவுதான் மேட்டர். ஜாலியா எழுதிக் கொடுங்க லா."

"நான் கரிபியன் போனதில்ல தம்பி. பார்த்த தீவு பங்கோர் ஒண்ணுதான்."

"பங்கோர்ல என்ன ஜாலி? படம் அனுப்புறேன், பார்த்து எழுதுங்க."

அனுப்பினான். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்வு நாற்காலியில் ஒரு ஜோடி, கையில் குட்டிக் குடை செருகின கிளாஸ். இரண்டு பேருக்கும் பல் பளபளவென்று இருந்தது.

2

முதல் தொடக்கம்: "கரிபியன் கடலின் நீலம் அவள் கண்களில்—"

அடித்துவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்தது.

இரண்டாவது தொடக்கம்: "பழைய தகரப் பெட்டியின் அடியில் செல்லரித்த ஒரு நாட்குறிப்பு கிடைத்தபோது நான்—"

கிடைக்கவில்லை. எனக்கு எந்தப் பெட்டியும் இல்லை. பெட்டியில் டைரி கிடைத்த கதைகளைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது, உங்களுக்கும் அலுத்திருக்கும்.

மூன்றாவது: "1925ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு காலை, இருளாயியும் மாயாண்டியும் லூமுட் துறையில் படகேறிப் பங்கோர் தீவுக்குப் போனார்கள்."

இது நின்றது. இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன், ஆடவில்லை.*

*ஏன் 1925 என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின காலமாக இருந்தால் கூலியாள் சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் ஜெயில். இவர்கள் காலத்தில் ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுத்தால் போதும், வேறு தோட்டம் போகலாம். இருளாயியும் மாயாண்டியும் பீடோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றை விட்டாகிவிட்டது. சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் போய்ச் சேர இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நடுவில் அந்த மூன்று நாளைக்கு அவர்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அந்தக் காலத்துக் கூலிக் குடும்பத்துக்கு லீவு என்று ஒன்றை நான் வேறு எங்கே போய்த் தேடுவது?

3

இருளாயிக்கு இருபத்து மூன்று வயது. மாயாண்டிக்கு முப்பது இருக்கும். இரண்டு பேரும் ஆறு வருஷமாக—

இல்லை, ஆறு அதிகம். ஏன் அதிகம் என்று அடுத்த பகுதியில் உங்களுக்கே தெரியும். மூன்று வருஷமாக ஒரே தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவர்கள். கணக்குப்பிள்ளையான கிராணி தினமும் பேர் கூப்பிடுகிற செக்ரோல் புத்தகத்தில் இவர்கள் புருஷன் பெண்டாட்டி. கூலிகள் குடியிருக்கிற லயத்தில் ஒரே அறை. அறைக்கு நடுவில் ஒரு கோணிச்சாக்கு தொங்கும். சாக்குக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன். லயத்தில் ஒரு ஈ காக்காய்க்கும் இது தெரியாது.

நடந்தது இதுதான். நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறவர்களைச் சேர்த்து வைக்கிற டிப்போவில், கங்காணி உடையப்பன் இருளாயியின் தோளைப் பிடித்து நகர்த்தி, முன்பின் தெரியாத ஒருவன் பக்கத்தில் நிறுத்தினான்.

"ஒத்தப் பொம்பளையக் கப்பல்ல ஏத்தமாட்டான். நீ இந்தா இவன் பக்கத்துல நில்லு. கேட்டா புருசன் பெண்டாட்டின்னு சொல்லிருங்க."

(அவள் ஏன் ஒற்றையாக வந்தாள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அது அவள் சமாசாரம்.)

டிப்போவில் அதிகாரி கேட்டார், "உன் பெண்சாதியா?" இருளாயி வாயைத் திறப்பதற்குள் மாயாண்டி "ஆமாங்க" என்றான். கப்பலை விட்டு இறங்கினதும் பினாங்குக்கு எதிரே இருக்கிற கொரன்டின் தீவில் டாக்டர் கேட்டார். மாயாண்டி "ஆமாங்க" என்றான். பீடோரில் கிராணி கேட்டார். அதற்கும் அவன்தான் "ஆமாங்க." இப்படி மூன்று ஆமாங்கவில் இருளாயிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அவளை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

அந்தக் கொரன்டின் தீவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். கப்பலில் வந்தவர்களுக்குச் சீக்கு இருக்கிறதா என்று பார்க்க ஏழு நாள் நிறுத்தி வைக்கிற இடம் அது. துணிமூட்டையை வாங்கி ஆவியில் வேகவைத்தார்கள். கையை நீட்டச் சொல்லி அம்மை குத்தினார்கள். சோற்றுக்கு வரிசை, தண்ணிக்கு வரிசை. கண்ணுக்கு எதிரே கடல், நடுவில் வேலி. ஏழு நாளும் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தும் இருளாயி உள்ளங்காலைக்கூட நனைக்கவில்லை.

தோட்டத்துக்கு நோட்டீஸ் கொடுத்த அன்று மாயாண்டி மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

"புதுத் தோட்டத்துலயும் கிராணி கேப்பான்."

"கேக்கட்டும். நீ வாயத் தொறக்காத. நான் சொல்லிக்கிறேன்."

"என்ன சொல்லுவ?"

"தெரியல. யோசிக்கணும்."

"ஒரு மாசம் கெடக்கே, யோசி."

"விடியமுன்ன பெரட்டு. எந்திரிச்சு ஓடி வரிசையில நின்னு பேருக்குப் பதில் சொல்லணும். அது முடிஞ்சா மரம். மரம் முடிஞ்சா பால் ஸ்டோரு. இதுல எங்கிட்டு யோசிக்க? பெரட்டு இல்லாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போ. கடல் இருக்கணும். வேலி இருக்கக்கூடாது."

அதனால்தான் பங்கோர். கதையில் இருக்கிற கேள்வியும் இந்த ஒன்றுதான், வேறு எதையும் நான் ஒளித்து வைக்கவில்லை. மாயாண்டிக்கு இவள் பெண்டாட்டியா இல்லையா? இதுவரை எல்லாரும் சொல்லியாயிற்று. இனி இருளாயி சொல்ல வேண்டும்.

4

இதுவரை எழுதினதைச் சீனிக்குப் படித்துக் காட்டினேன். கரிபியன் போச்சா என்று கொஞ்ச நேரம் புலம்பினான். அப்புறம், "அக்கா, மூணு வருசமா ஒரே ரூம்ல நடுவுல சாக்குத் தொங்குதா? யாரு நம்புவா லா?" என்றான்.

கோபம் வந்தது. போனை வைத்த பிறகு யோசித்தால், எனக்கும் மாயாண்டி மேல் சந்தேகமாகத்தான் இருந்தது. ரொம்ப நல்லவனாகச் செய்துவிட்டேன். இவ்வளவு நல்லவனை நான் நேரில் பார்த்ததில்லை. அதனால் உட்கார்ந்து அவனைக் கொஞ்சம் கெடுத்தேன்.

சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போவான். ஒரு தடவை குடித்துவிட்டு வந்து, "எனக்கு எழுதிக் குடுத்த பெண்டாட்டி நீ" என்று கத்திக்கொண்டே சாக்கைப் பிடித்து இழுத்துக் கயிற்றை அறுத்துவிட்டான். இருளாயி பால் வெட்டுகிற கத்தியை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே தூங்கிப்போனான். மறுநாள் வேலை முடிந்து வந்ததும் புதுக் கயிறு போட்டுச் சாக்கை அவனே கட்டினான். முன்னைவிட ஒரு சாண் அவள் பக்கம் அதிகமாக விட்டுக் கட்டினான். மன்னிப்புக் கேட்கத் தெரியாது அந்த ஜென்மத்துக்கு.

அவளுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தபோது அவளுடைய மர நிரையையும் சேர்த்து வெட்டினான், பேர் வெட்டுப்படாமல் இருக்க. லயத்துப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள், இப்படிப்பட்ட புருஷன் கிடைக்குமா என்று. இருளாயிக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். காய்ச்சலுக்குப் பார்த்தான் என்பதற்காக ஒருத்தி பெண்டாட்டி ஆகிவிடுவாளா?

(இப்போது நம்புகிறேன் இவனை. நீங்கள்?)

5

படகு துறையில் இடித்து நின்றது. இருளாயிதான் முதலில் இறங்கினாள். காலுக்கடியில் மரப்பாலம் ஆடியது. கருவாட்டு வாடை மூக்கைத் துளைத்தது. பாலம் முடிகிற இடத்தில் ஒரு கொட்டகை. கொட்டகைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர், ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்றார்கள். வரிசைக்குத் தலைமாட்டில் கையில் நோட்டோடு ஒரு சீன மண்டோர், கங்காணி மாதிரி.

இருளாயி நடையை நிறுத்தினாள். இங்கேயும் கொரன்டின் இருக்குதா என்று நினைத்தாள். தீவு என்றால் இப்படித்தான் போலிருக்கிறது, யாரையும் சும்மா உள்ளே விடமாட்டார்கள் போலிருக்கிறது. மூன்று வருஷம் ஆசைப்பட்டதற்கு நல்லா வேணும் எனக்கு, என்று தன்னையே வைதுகொண்டு போய் வரிசையில் நின்றாள். ஆவியில் வேகவைக்க எடுத்துப் போவார்களே என்று மூட்டையை இறக்கிக் காலடியில் வைத்தாள். தோளிலிருந்த துணியை விலக்கி இடது கையை நீட்டினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், ஊசி இறங்குவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்காது. அவளுக்குப் பின்னால் மாயாண்டியும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

மண்டோர் பார்த்தான். கை நீட்டியிருக்கிறது. நீட்டின கையில் கூடையை மாட்டினான்.

கூடை நிறைய நெத்திலி. "செப்பாட் லா, செப்பாட்" என்று விரட்டினான். அது சீக்கிரம் என்பதற்கான மலாய் வார்த்தை என்பது இருளாயிக்குத் தெரியும். முன்னால் போன பெண்கள் போகிற பக்கம் இவளும் போனாள். படகிலிருந்து கொட்டகைக்கு, கொட்டகையில் உப்புத்தண்ணீர் கொதிக்கிற கொப்பரைக்கு. கொட்டிவிட்டுத் திரும்பப் படகுக்கு.

நாலாவது நடையில் பக்கத்தில் வந்த மாயாண்டியிடம் கேட்டாள்.

"இந்தாய்யா, ஊசி எப்பப் போடுவான்?"

"இத முடிச்சாத்தான் போடுவான் போல."

"அங்க ஏழு நாள் வச்சிருந்தான். இங்க எத்தன நாளு?"

"மூணு நாளைக்குள்ள விட்டுட்டா நல்லது புள்ள. புதுத் தோட்டத்துல வாரோம்னு சொல்லியிருக்கோம்."

இரண்டு பேரும் அடுத்த கூடைக்குப் போனார்கள்.*

*சீனி அனுப்பின படத்தின் கீழே எழுதியிருந்தது: வந்து இறங்கியதும் தம்பதிகளுக்கு வரவேற்புப் பானம் உண்டு. எங்கள் தம்பதிக்கு ஏழு கூடை நெத்திலி. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவள்தானே நான்.

6

ஏழாவது கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தவளை மண்டோர் நிறுத்தினான். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, நோட்டைப் பார்த்தபடி மலாயில் பேர் என்ன என்று கேட்டான்.

மாயாண்டிக்குப் பழக்கதோஷம். "இரு—" என்று வாயைத் திறந்துவிட்டான். இருளாயி திரும்பிப் பார்த்தாள். மீதிப் பேர் அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"பேரு எதுக்குக் கேக்குறான்?" என்றாள்.

"எழுதிக்கிறதுக்கு."

"எழுதி?"

"நாளைக்கும் கூப்புடுறதுக்கு."

இருளாயி கூடையோடு நின்று யோசித்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவசரப்படாமல் யோசித்தாள்.

"அங்க மொதல்ல பேரக் கேட்டான், அப்புறம் ஊசி குத்துனான். இவன் ஏழு கூடை தூக்க விட்டுட்டுப் பேரு கேக்குறான். இது கொரன்டின் இல்லய்யா."

"இல்ல போலத்தான் தெரியுது."

"நம்மள யாரு வரிசையில நிக்கச் சொன்னா?"

மாயாண்டி துறையைப் பார்த்தான், கொட்டகையைப் பார்த்தான். "யாரும் சொல்லலையே."

"கைய யாரு நீட்டச் சொன்னா?"

"அதையும் யாரும் சொல்லல புள்ள."

இருளாயி கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். வைத்த கையோடு சிரிப்பு வந்தது அவளுக்கு. முதலில் மூக்குக்குள், அப்புறம் வயிற்றிலிருந்து. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லயத்தில் இப்படிச் சிரித்தால் பக்கத்து அறையில் கேட்கும். இங்கே துறை முழுக்கக் கேட்டது, கேட்டால் என்ன? வரிசையில் நின்ற சீனப் பெண் ஒருத்திக்கு ஏனென்று தெரியாமலே சிரிப்புத் தொற்றிக்கொண்டது. மாயாண்டி தலையைச் சொறிந்துகொண்டே நின்றான், கடைசியில் அவனும் சிரித்தான். அவன் முன்பல் ஒன்று பாதி உடைந்திருப்பதை அன்றுதான் அவள் பார்த்தாள்.

மண்டோர் மறுபடியும் பேர் கேட்டான். மாயாண்டி விளக்கிச் சொல்லப் போனான்.

"நீ சும்மா இரு," என்றாள் இருளாயி.

மண்டோருக்கு நேராக நிமிர்ந்து நின்றாள். "எனக்கு இன்னைக்குப் பெரட்டு இல்லய்யா. பேரு குடுக்கமாட்டேன்" என்று தமிழிலேயே சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்த மலாய் வார்த்தைகளைத் துழாவினாள். ஒன்று அகப்பட்டது. கடைத்தெருவில் வாங்க வருகிறவர்கள் தலையை ஆட்டிச் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். தான் அதை யாரிடமும் சொல்ல வாய்த்ததில்லை.

"தாமாவ்," என்றாள். வேண்டாம்.

நல்லா இருக்கிறதே என்று இன்னொரு தடவையும் சொன்னாள். "தாமாவ்."

(நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் எழுந்திருப்பேன். எழுதிக்கொண்டிருக்கிற கதைக்கு நாமே கைதட்டக்கூடாது என்பார்கள். போகட்டும், தட்டினேன்.)

மண்டோர் தோளைக் குலுக்கினான். அவனும் மோசமானவன் இல்லை. அவன் கொட்டகைக்கு இரண்டு பேர் தாமாக வந்து கையை நீட்டினால் பாவம் அவன்தான் என்ன செய்வான்? தூக்கினதற்குக் கூலியாக இரண்டு கை நிறைய நெத்திலியை இலையில் கட்டி இருளாயியிடம் கொடுத்தான். மாயாண்டி வாங்கக் கை நீட்டியபோது அவனிடம் கொடுக்கவில்லை.

7

தீவின் மறுபக்கத்துக்குக் குன்றைத் தாண்டி ஒற்றையடிப் பாதை போனது. வழியில் இருளாயி மரங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு மரத்திலும் வெட்டு இல்லை. கத்திபடாத மரத்துக்குப் பட்டை இப்படியா இருக்கும் என்று கேட்டாள். மாயாண்டி பின்னால் நடந்தான். அவன் காலையிலிருந்து ஒரு கேள்வியை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான்.

அந்தப் பக்கம் இறங்கினதும் கடல்.

(இங்கே கடலை வருணிக்க வேண்டும். மூன்று பத்தி எழுதினேன். அத்தனையும் சீனி அனுப்பின படத்தைப் பார்த்துக் காப்பியடித்தது மாதிரியே இருந்தது. எடுத்துவிட்டேன். கடல் இருந்தது. வேலி இல்லை. இருளாயிக்கு அது போதும், எனக்கும் போதும்.)

அவள் நிற்கவில்லை. மூட்டையை மணலில் போட்டுவிட்டு நேராக நடந்தாள். கணுக்கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது, சேலை உப்பிக்கொண்டு மேலே வந்தது, அதையும் அமுக்கிக்கொண்டு இடுப்பளவுக்குப் போனாள். ஒரு அலை வந்து முகத்தில் அடித்தது. உப்பைத் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மாயாண்டி கரையில் நின்றுகொண்டிருந்தான்.

"வாய்யா."

"எனக்கு நீச்சத் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? வா."

வந்தான். முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டான். அதற்கு மேல் அவன் கால் வரவில்லை. அவள் திரும்பி அவன் நிற்கிற இடத்துக்கு வந்தாள்.

"ஒங்க ஊரு எது?" என்று கேட்டாள்.

மூன்று வருஷம் கழித்து இந்தக் கேள்வி. அவன் ஊரைச் சொன்னான். அம்மா பேர் காளியம்மா என்றான். தனக்கு ஒரு தங்கை இருந்தாள், கழிச்சலில் போய்விட்டாள் என்றான். அவளும் தன் ஊரைச் சொன்னாள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு நாள் நடைதான். அதைக் கண்டுபிடிக்க இத்தனை தண்ணீரைத் தாண்டி வரவேண்டியிருந்தது என்று இருளாயிக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

"ஒனக்கு நான் வேணுமா," என்று கேட்டாள், "இல்ல பழகிப்போச்சா?"

அவன் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டான். மூன்று பேரிடம் ஒரு நொடியில் ஆமாங்க சொன்ன வாய் இது.

"மொதல்ல பழகுனதுதான்," என்றான். "அப்புறம் வேணும்னு ஆச்சு. எப்ப ஆச்சுன்னு தெரியல. ஒன்னக் கேக்கணும்னு நெனப்பேன். ஊரெல்லாம் பெண்டாட்டின்னு சொல்றவளப் போயி என்னான்னு கேக்க? வெக்கமா இருக்கும்."

"இப்பக் கேளு."

"இங்கயா?"

"இங்கதான். எவன் பாக்குறான்?"

மாயாண்டி முழங்கால் தண்ணீரில் கைகட்டி நின்றான், கிராணிக்கு முன்னால் நிற்பதுபோல. அப்புறம் கையை எடுத்துவிட்டான்.

"இருளாயி, எங்கூட இருக்கியா?"

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவன் கேட்டதற்காக இல்லை. கேட்டுவிட்டு, பதிலை அவனே சொல்லாமல் நின்றானே, அதற்காக. தன் வாயிலிருந்து வரப்போகிற வார்த்தைக்கு ஒரு ஆம்பிளை நடுங்கிக்கொண்டு காத்திருப்பான் என்று அவள் நினைத்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தை உடனே செலவழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"யோசிக்கிறேன்," என்றாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்கினாள்.

அன்று பகல் முழுக்க அவள் கடலை விட்டு ஏறவில்லை. நெத்திலியைச் சுள்ளியில் வாட்டித் தின்பதற்கு மட்டும் ஏறினாள். உள்ளங்கை வெளுத்துச் சுருங்கிப்போயிற்று. யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. உச்சிவெயிலில் அலை தொடுகிற மணலில் மல்லாந்து கிடந்து, "நான் ராணிய்யா" என்றாள். அவன் மறுக்கவில்லை.

8

பொழுது சாய்கிற நேரத்துக்குத் தென்னைமரங்களுக்குள் ஒரு மலாய்க்காரி தென்பட்டாள். மக் லிஜா என்று பேர். தனியாக இருப்பவள். வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அத்தாப்பு ஓலைக் குடிசை சும்மா கிடந்தது, வருகிறவர்கள் போகிறவர்கள் தங்கிக்கொள்வார்கள். இவர்களையும் தங்கச் சொன்னாள். கிணற்றைக் காட்டினாள். விளக்கை ஏற்றி வைத்தாள். பிறகு வாசலில் நின்றபடி பொதுவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"திக்கார் சத்துகா, துவாகா?"

பாய் ஒன்று வேண்டுமா, இரண்டு வேண்டுமா?

இந்த இடத்தில்தான் நான் பத்து நாளாக நிற்கிறேன்.

முதல் முடிவு எழுதினேன். இருளாயி "சத்து" என்கிறாள். ஒரு பாய். விளக்கு தணிகிறது, அலையோசை கேட்கிறது. சீனிக்கு உயிர். "அக்கா, இதுதான் அக்கா ஹனிமூன்" என்றான்.

இரண்டாவது முடிவும் எழுதினேன். "துவா." இரண்டு பாய். மூன்றாம் நாள் புதுத் தோட்டத்துக் கிராணியிடம், "எம் பேரு இருளாயி. ஒத்தையாத்தான் இருக்கேன். எழுதிக்கங்க" என்கிறாள். அதைப் படித்துக் காட்டியபோது என் தோழி நவமணி தொடையில் தட்டி, "இதத்தான் போடணும். மத்ததெல்லாம் வேஸ்டு" என்றாள்.

மூன்றாவது: பாயே வேண்டாம் என்று அவள் மணலுக்குப் போய்விடுகிறாள், அவன் பின்னாலேயே—

இதை முடிக்கவில்லை. பாதியில் பேனாவை வைத்துவிட்டேன். ஏனென்றால் அப்போதுதான் நான் செய்துகொண்டிருந்த காரியம் எனக்கு உறைத்தது. டிப்போவில் உடையப்பன் இவளுக்காகச் சொன்னான். அப்புறம் மூன்று இடத்தில் மாயாண்டி இவளுக்காகச் சொன்னான். இப்போது குனோங் ராபாட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சீனி ஒன்று சொல்கிறான், நவமணி ஒன்று சொல்கிறாள். நீங்களும் இந்நேரம் மனசுக்குள் ஒன்றைச் சொல்லியிருப்பீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வீர்கள், தெரியும். நாங்களும் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னோம்.

மூன்று தாளையும் கிழித்துவிட்டேன். சீனி கேட்டால், கேட்கட்டும். சிறப்பிதழில் இடம் இல்லை என்றால் இல்லாமல் போகட்டும்.

9

மக் லிஜா வாசலில் காத்திருந்தாள். கேள்வி எளிய மலாய். ஒன்றும் இரண்டும் இருளாயிக்குத் தெரியும், யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

மாயாண்டிக்கு வாய் திறந்தது. இருளாயி பார்த்தாள். இந்தத் தடவை அவள் முறைக்கவில்லை, சும்மாதான் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். மூடினது போதாதென்று நாலு எட்டு நடந்து போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டான், முதுகைக் காட்டிக்கொண்டு. காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது, பாவம்.

இருளாயி நனைந்த முடியைப் பிழிந்து கொண்டையாகச் சுற்றினாள். அவசரமே படவில்லை. அவளுக்காக ஒரு கேள்வி வாசலில் நிற்கிறது. நிற்கட்டும் கொஞ்ச நேரம். கடல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். கிணற்றடியில் நின்றவனின் முதுகையும் பார்த்தாள். என்ன நினைத்தாள் என்பதுகூட எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லமாட்டேன்.

பிறகு சொன்னாள். கணீரென்று, ஒரே வார்த்தையில், கிணற்றடிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவளுடைய சொந்த வாயால், இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, அவளைப் பற்றி அவளே.

மக் லிஜா தலையாட்டினாள். சரிதானா என்று கேட்க மாயாண்டியின் பக்கம் திரும்பவில்லை. உள்ளே போய், இருளாயி சொன்னபடியே விரித்தாள்.